கோழிகளே முதல் நோயாளிகள்

நுண்ணுயிர்ப் போர்களின் வரலாறு – 17

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைக் கொண்டு நோயை ஆற்றும் முறைக்கு ஃபேஜ் சிகிச்சை என்று பெயர். அதன் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 1919ஆம் ஆண்டு பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்குவார்கள். கடுமையான சீதபேதியோடு வந்த 12 வயதுச் சிறுவன், அவனுக்குக் கொடுக்கும் முன் அந்தத் திரவத்தைத் தாங்களே குடித்துப் பார்த்த ஃபெலிக்ஸ் தெரெலும் பேராசிரியர் யூதினெலும், ஓரிரு நாளில் நின்றுபோன ரத்தக் கழிச்சல் என்று அந்தக் காட்சி பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் அதற்கு முன்பாகவே பிரான்ஸின் கிராமப்புறத்தில் தெரெல் இந்த முறையைக் கோழிகளிடம் சோதித்திருந்தார் என்பது அந்தக் காட்சியின் நிழலில் மறைந்துபோகிறது. ஃபேஜ் சிகிச்சையின் முதல் நோயாளிகள் கோழிகள்தாம். முன்பின் யார் என்ற கணக்குக்காக இதைச் சொல்லவில்லை. மனிதரிடம் நடந்த சோதனைகளைவிடக் கோழிகளிடம் நடந்தவற்றைத் தொடர்ந்து படித்தால், இந்த முறை ஏன் சில இடங்களில் வியக்கவைத்தது, ஏன் சில இடங்களில் கைவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். ஃபேஜின் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்வது அதன் வீரியம் மட்டுமல்ல. அது கிருமியை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு எண்ணிக்கையில் சந்திக்கிறது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. நூறாண்டுச் சான்றுகள் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் வாதம்.

தெரெல் 1917இல் வெளியிட்ட முதல் கட்டுரை சீதபேதிக் கிருமியைப் பற்றியது. நோயாளியின் மலத்தை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து எடுத்த தெளிந்த நீர், கிருமி வளர்ந்து கலங்கியிருந்த குழம்பையும் தெளியவைத்தது. தெளிந்த அந்தக் குழம்பிலிருந்து ஒரு துளி எடுத்து அடுத்த குழம்பில் விட்டால் அதுவும் தெளிந்தது. வெறும் நஞ்சாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நீர்த்துப்போக வேண்டும். நீர்த்துப்போகாமல் பெருகியதால் அது உயிருள்ளது என்று அவர் முடிவு கட்டினார். 1915இலேயே லண்டனில் ஃபிரெடெரிக் டுவோர்ட் இதே போன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார். அதை மேற்கொண்டு விரித்துச் செல்லவில்லை. தெரெலின் அடுத்த கேள்வி, உடலுக்குள்ளும் இதே போர் நடக்கிறதா என்பது. அதற்கு விடை தேட அவருக்கு வாய்த்தது கோழி டைபாய்டு. இன்று சால்மோனெல்லா காலினேரம் என்று அழைக்கப்படும் பாக்டீரியாவால் வரும் இந்த நோய் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் வளர்ந்த கோழிகளையும் அடுக்கடுக்காகச் சாய்க்கும். நோய் கண்ட மந்தைகளின் எச்சத்தைத் தெரெல் சேகரித்துப் பார்த்தார். பிழைத்த கோழிகளின் எச்சத்தில் அந்தக் கிருமியைக் கடுமையாகத் தாக்கும் ஃபேஜ் இருந்தது. செத்தவற்றில் அது இல்லை, அல்லது வலுவற்றிருந்தது. ஒரு மந்தையில் ஃபேஜ் பரவத் தொடங்கியதும் சாவு நின்றது. இதிலிருந்து அவர் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார்: நோய் எப்படிக் கோழிக்குக் கோழி தொற்றுகிறதோ, அப்படியே குணமும் தொற்றுகிறது, கொள்ளைநோய் ஓய்வது, குணத்தின் தொற்று நோயின் தொற்றை முந்தும்போது. பிழைத்த கோழியின் ஃபேஜை வளர்த்து நோயுற்ற மந்தைகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக 1919இலேயே அறிவித்தார்.

இந்த அறிவிப்பை அன்றைய பாக்டீரியா ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது. கொள்ளைநோய் எப்படியும் ஒருநாள் ஓயும். ஓயும் நேரத்தில் மருந்து கொடுத்தவர் மருந்தே ஓயவைத்தது என்று நினைப்பது எளிது. ஃபேஜ் கொடுக்காத மந்தையை அருகிலேயே வைத்து ஒப்பிடாதவரை அந்த ஐயம் தீராது. 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டே இன்னும் ஒரு படி மேலே போய், ஃபேஜ் ஓர் உயிரே அல்ல, பாக்டீரியாவே சுரக்கும் நொதி என்றார். அவர் சொன்னது தவறு என்று 1940களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. ஆனால் ஒப்பீட்டுச் சோதனை வேண்டும் என்று கேட்டவர்கள் தவறவில்லை. 1925இல் இங்கிலாந்தில் டோப்லியும் அவரது கூட்டாளிகளும் சால்மோனெல்லா தொற்றிய எலிக்கூட்டங்களுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் பரவலிலோ சாவிலோ மாற்றம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பைல், கோழிக்குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் நோயில் முயன்றார். சோதனைக்குழாயில் கிருமியை அழித்த ஃபேஜ் குஞ்சின் உடலுக்குள் அதே வேலையைச் செய்யவில்லை. 1930களில் விற்பனைக்கு வந்த ஃபேஜ் புட்டிகளின் தரம் வேறு மோசமாக இருந்தது. சிலவற்றில் சேர்த்த பதப்படுத்தும் வேதிப்பொருளே ஃபேஜைச் சிதைத்தது. 1934இல் ஈட்டனும் பெய்ன்-ஜோன்ஸும் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்காக எழுதிய நீண்ட மதிப்பீடு, கைவசம் உள்ள சான்று போதாது என்று முடிந்தது. மேற்கு நாடுகளில் ஃபேஜ் சிகிச்சை மங்கியதற்கு ஆன்டிபயாடிக் வந்ததே காரணம் என்று சொல்வதுண்டு. என் பார்வையில் அது பாதி உண்மை. ஆன்டிபயாடிக் வரும் முன்பே நம்பிக்கை குலைந்திருந்தது. குலைத்தது, எந்தக் கிருமிக்கு எந்த ஃபேஜ், எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளைக் கேட்காமல் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கொடுத்த பழக்கம்.

ஆன்டிபயாடிக்கின் கால்நடை வரலாறும் கோழிக்குஞ்சிடமே தொடங்கியது. லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்தபோது அவை வழக்கத்தைவிட வேகமாகக் கொழுத்தன. 1950இல் இது பொதுவெளிக்கு வந்தது. நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் கோழிக்கும் தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் என்ற முறை பல நாடுகளுக்குப் பரவியது. கோழி வளர்ப்பு பின்முற்றத்திலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் அடைந்த கொட்டகைகளுக்கு மாறிய காலம் அது. அந்த மாற்றத்தைத் தாங்கிய தூண்களில் தீவனத்து ஆன்டிபயாடிக்கும் ஒன்று. அதன் விலையை முதலில் கணக்கிட்டவர்களுள் எச். வில்லியம்ஸ் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் முக்கியமானவர். விலங்குகளின் குடலில் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா பெருகுவதையும், அந்தத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவதையும் அவர் காட்டினார். விலங்கிலிருந்து வரும் ஈ.கோலை மனிதக் குடலில் வாழும் ஈ.கோலைக்குத் தன் எதிர்ப்புத்திறனைக் கொடுக்குமா என்றும் ஆராய்ந்து 1969இல் எழுதினார். அதே ஆண்டில் வந்த ஸ்வான் குழு அறிக்கை, மனிதருக்குத் தேவையான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசுக்குப் பரிந்துரைத்தது.

இந்த ஸ்மித்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். தெரெல் ஃபேஜால் எதிர்த்த அதே கோழி டைபாய்டுக்கு 1956இல் தடுப்பூசி கண்டவர் இவர்தான். 9ஆர் என்ற பெயரில் அந்த வீரியமிழந்த கிருமி இன்றும் பல நாடுகளில் தடுப்பூசியாகப் போடப்படுகிறது. தடுப்பூசியையும் ஆன்டிபயாடிக்கின் எல்லையையும் இவ்வளவு நெருங்கி அறிந்த ஒருவர், பணிவாழ்வின் பிற்பகுதியில் ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்து, மேற்கில் எல்லோரும் கைவிட்ட ஃபேஜைத் திரும்ப எடுத்தார் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. 1982இல் ஹகின்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, பழைய ஆய்வுகளில் இல்லாத ஒரு முன்யோசனையோடு தொடங்கியது. நோய் உண்டாக்கும் ஈ.கோலை வகைகளுள் ஒன்று கே1 என்ற ஒரு மேலுறையைப் போர்த்திக்கொண்டு உடலின் காவலுக்குத் தப்புகிறது. அந்த மேலுறையையே பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஃபேஜைச் சாக்கடை நீரிலிருந்து தேடி எடுத்தார்கள். கிருமி ஊசியேற்றப்பட்ட எலிகளுக்கு அந்த ஃபேஜை ஒரே ஒரு முறை கொடுத்தது, டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிக்கால் ஆகியவற்றைப் பலமுறை கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் அதற்கு ஈடுகொடுத்தது. ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் தோன்றத்தான் செய்தன. ஆனால் தப்புவதற்காக அவை கே1 மேலுறையையே கழற்றியிருந்தன. மேலுறை இல்லாத ஈ.கோலையால் பழையபடி நோய் உண்டாக்க முடியவில்லை. தப்பினால் வலுவிழக்கும் என்ற இக்கட்டில் கிருமியை நிறுத்திய இந்தத் தேர்வுதான், என் மதிப்பில், ஃபேஜ் வரலாற்றின் திருப்புமுனை.

ஸ்மித்தும் ஹகின்ஸும் கன்றுகளில் கண்ட ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும், அது கோழிக்கொட்டகைக்கு நேராகப் பொருந்துவதால். 1987இல் அவர்கள் எழுதியபடி, கன்றுகளின் படுக்கைக் கூளத்தில் ஃபேஜ் கலந்த நீரைத் தெளித்தாலே ஈ.கோலைக் கழிச்சலைத் தடுக்க முடிந்தது. அதைவிட வியப்பு, ஃபேஜால் குணமான கன்றுகள் இருந்த அறையைக் கழுவாமல் விட்டு அதில் புதிய கன்றுகளைக் கட்டியபோதும் அவை நோய்க்குத் தப்பின. தெரெல் 1919இல் சொன்ன தொற்றும் குணத்துக்கு, ஒப்பீட்டோடு கூடிய சான்று 68 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அவருடைய மந்தைகள் எல்லாம் ஃபேஜால்தான் பிழைத்தன என்று இதனால் நிறுவப்பட்டுவிடாது. அவர் சொன்னது நடக்கக்கூடியதே என்பது மட்டும் நிலைபெறுகிறது. அதுவே சிறிய காரியம் அல்ல.

ஸ்மித்துக்குப் பின் ஹௌட்டன் மரபில் வந்த பாரோவும் அவரது கூட்டாளிகளும் கோழிக்கே திரும்பினார்கள். 1991இல், புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்கு சால்மோனெல்லா டைஃபிமூரியம் தொற்றவைத்து ஃபேஜ் கொடுத்தபோது சாவு குறைந்தது. ஆனால் அதற்கு மிகப் பெரும் எண்ணிக்கையில் ஃபேஜ் தேவைப்பட்டது, தொற்றிய உடனேயே கொடுக்கவும் வேண்டியிருந்தது. நேரத்தின் பங்கை மிகத் துல்லியமாகக் காட்டியவை, அமெரிக்க வேளாண் துறையின் ஆர்கன்சா ஆய்வகத்தில் ஹஃப் குழுவினர் கறிக்கோழிகளில் செய்த சோதனைகள். மூச்சுப்பாதை வழியாகப் புகும் ஈ.கோலை, கோழியின் காற்றுப்பைகளில் குடியேறி அதைக் கொல்கிறது. 2002இல் அவர்கள் கிருமியையும் ஃபேஜையும் கலந்தே காற்றுப்பைக்குள் செலுத்தினார்கள். 80 சதவீதமாக இருந்த சாவு, ஃபேஜின் அளவைப் பொறுத்து 25 சதவீதமாகவும் 5 சதவீதமாகவும் இறங்கியது. அதே ஃபேஜைக் குடிநீரில் மில்லிலிட்டருக்கு ஆயிரம், பத்தாயிரம் என்ற அளவில் கலந்து கொடுத்தபோது எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, தொற்றிய உடனே ஃபேஜை நுண்துளியாகத் தெளித்தபோது சாவு 50இலிருந்து 20 சதவீதமானது. ஒருநாள் கழித்துத் தெளித்தால் ஏறக்குறைய பயனே இல்லை. தசையில் ஊசியாகப் போட்டால் மட்டும் இரண்டு நாள் கழித்தும் பலன் தெரிந்தது. ஒரே கிருமி, ஒரே வகைக் கோழி. வழியும் நேரமும் மாறியதால் முடிவு தலைகீழாகிறது. 1926இல் பைல் கண்ட தோல்வியை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், ஃபேஜ் வேலை செய்யாது என்ற பொதுவான தீர்ப்பை அதிலிருந்து எடுக்க முடியாது என்பது புரியும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ஆன்டிபயாடிக் இதைவிட எளிதாக வேலை செய்கிறதே என்பது அது. ஹஃப் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வே இதற்குச் சாட்சி சொல்லும்: சிகிச்சை பெறாத கோழிகளில் 68 சதவீதம் செத்தன, ஃபேஜ் ஊசி பெற்றவற்றில் 15 சதவீதம், என்ரோஃபிளாக்சசின் பெற்றவற்றில் 3 சதவீதம். ஆன்டிபயாடிக்தான் முந்தியது. இதை மறைத்துவிட்டு ஃபேஜைப் போற்றி எழுதுபவர்கள் ஃபேஜுக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் இந்த எண்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டையும் பெற்ற கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பது முதலாவது. ஆய்வு வெளிவந்த மறு ஆண்டே, 2005இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோழிகளுக்கு என்ரோஃபிளாக்சசின் கொடுக்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றது என்பது இரண்டாவது. கோழிக் குடலின் கேம்பிலோபேக்டர் அந்த வகை மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்று, மனிதரின் வயிற்றுக்கும் வந்து சேர்ந்ததே அதற்குக் காரணம். கொட்டகையில் வென்ற மருந்து மருத்துவமனையில் தோற்கத் தொடங்கியிருந்தது. இந்தியாவிலும் 2019இல் நடுவண் அரசு கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தது, மனிதருக்குக் கடைசிப் புகலாக இருக்கும் மருந்து என்பதால். ஆகவே எளிது எது என்ற கேள்வியோடு, அந்த எளிமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டியது.

மேலே சொன்ன கேம்பிலோபேக்டர் கோழியை வாட்டுவதில்லை. கோழியை உண்ணும் மனிதரைத்தான் வாட்டுகிறது. அது கோழியின் குடல் முடிவில் உள்ள சீக்கம் என்ற இரட்டைப் பைகளில் கோடிக்கணக்கில் வாழ்கிறது. இங்கே நோக்கம் கோழியைக் காப்பது அல்ல என்பதால் நேரக் கணக்கும் மாறுகிறது. 2005இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு இரண்டு ஃபேஜ்களைக் கொண்டு ஐந்து நாட்களில் சீக்கத்துக் கிருமியை, ஃபேஜையும் அளவையும் பொறுத்து, மூன்று மடங்கு முதல் லட்சம் மடங்கு வரை குறைத்தது. அதே ஆண்டு நெதர்லாந்தில் வாகனார் குழுவும் ஆயிரம் மடங்கு வீழ்ச்சி கண்டது. ஆனால் சில நாட்களில் கிருமி மீண்டும் ஏறி, ஃபேஜ் பெறாத கோழிகளைவிடப் பத்து மடங்கு மட்டும் குறைந்த நிலையில் நின்றது. கிருமி வரும் முன்பே கொடுத்த ஃபேஜ், தொற்றைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. காரணம் புரியாத ஒன்றல்ல. ஃபேஜ் பெருக இரை வேண்டும். இரை வரும் முன் நுழைந்தால் எச்சத்தோடு வெளியேறிவிடும், இரை மிகக் குறைந்தாலும் இரண்டும் சந்திப்பது அரிதாகிவிடும். எனவே கறிக்கோழியின் ஐந்தாறு வார வாழ்வில் ஃபேஜுக்கு உரிய நாள், அறுப்புக்கு ஓரிரு நாள் முன்பு. நிலையான குணம் அங்கே தேவையில்லை. கிருமி மிகத் தாழ்ந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியே போதும்.

பண்ணையில் இது நடக்குமா? ஜெர்மனியில் கிட்லர் குழு வணிகப் பண்ணைகளில் செய்து 2013இல் வெளியிட்ட மூன்று சோதனைகளில், ஒன்றில் அறுப்பின்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு தெரிந்தது. மற்றவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்த ஆயிரம் மடங்கின் மதிப்பும் நிலையாக இருக்கவில்லை. சீக்கத்தில் ஆயிரம் மடங்கு குறைத்தால் மனிதருக்கான ஆபத்து 90 சதவீதமேனும் குறையும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் கணித்தது. 2020இல் அதை 58 சதவீதமாகத் திருத்தியது. திருத்திய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல். ஒரு நோயின் பாதிச்சுமை இறங்குவதை அற்பம் என்று யார் சொல்ல முடியும்?

எதிர்ப்புத்திறன் ஃபேஜுக்கும் வருமே என்பது அடுத்த மறுப்பு. வரும். ஸ்மித்தின் கே1 கதை அதற்கு ஒரு விடை. நாட்டிங்ஹாம் குழுவும், கோழியிலிருந்து மீட்ட கேம்பிலோபேக்டரில் ஃபேஜுக்குத் தப்பியவை 4 சதவீதத்துக்கும் குறைவு என்றும், அவை மீண்டும் கோழிக்குள் விடப்பட்டபோது பெரும்பாலும் பழைய இயல்புக்கே திரும்பின என்றும் கண்டது. ஆனால் எல்லாக் கிருமிக்கும் இப்படி ஓர் இக்கட்டு இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒவ்வொரு கிருமிக்கும் தனியே சோதித்துத்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்பைப் பற்றிய மறுப்பு இதைவிட ஆழமானது. 1952இல் சிண்டரும் லெடர்பர்கும், ஒரு ஃபேஜ் ஒரு பாக்டீரியாவின் மரபுப்பொருளை இன்னொன்றுக்குச் சுமந்து செல்வதைக் கண்டார்கள். அதைக் கண்டது கோழிப்பண்ணைக்கு நெருங்கிய சால்மோனெல்லா டைஃபிமூரியத்தில்தான். கொல்லாமல் பாக்டீரியாவுக்குள் ஒளிந்து வாழும் ஃபேஜ்களும் உண்டு; அவற்றுள் சில நச்சுக்கான மரபணுக்களையும் கொண்டுவரும். இந்த ஆபத்து உண்மையானது. தெரெலின் காலத்தில் அதை அறிய வழியே இல்லை. இன்று ஃபேஜின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்துப் பார்த்து, ஒளிந்து வாழ்பவற்றையும் நச்சைச் சுமப்பவற்றையும் ஒதுக்க முடியும். அந்தச் சோதனையைச் செய்யாத எந்த ஃபேஜும் பண்ணைக்குள் நுழையக் கூடாது என்ற கண்டிப்பு, இந்த முறையை நம்புகிறவர்களிடமிருந்தே முதலில் வர வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஃபேஜின் குறுகிய பார்வை. 2007இல் அட்டர்பரி குழு மூன்று வகை சால்மோனெல்லாவுக்கு ஃபேஜ் தேடியது. வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு மிகப் பெரும் அளவில் கொடுத்தபோது என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் இரண்டும் ஒரே நாளில் பெருமளவு குறைந்தன. ஹாடார் என்ற மூன்றாவது வகை அசையவில்லை. ஒரு நாட்டுக் கொட்டகையில் எடுத்த ஃபேஜ் இன்னொரு நாட்டின் கிருமியை அறியாமலே போகலாம். அதே கொட்டகையில் சில ஆண்டுகளில் கிருமி மாறினால் பழைய ஃபேஜ் பயனற்றும் போகலாம். புட்டியில் அடைத்து உலகெங்கும் விற்கும் பொருளாக ஃபேஜைப் பார்ப்பவருக்கு இது பெருங்குறை. அமெரிக்கா 2006இல் உண்ணத் தயாரான இறைச்சி, கோழி இறைச்சி மீது லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிக்க அனுமதித்த முதல் தயாரிப்பிலேயே ஆறு ஃபேஜ்களைச் சேர்த்தார்கள், ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடிக்கட்டும் என்று. பண்ணைக்கு அதுவும் போதாது. நோய் வந்த கொட்டகையின் எச்சத்தையும் கூளத்தையும் தொடர்ந்து சேகரிப்பவர்கள், அங்கே சுற்றும் கிருமி எது என்று வகைப்படுத்துபவர்கள், அதைக் கொல்லும் ஃபேஜை இருப்பிலிருந்து எடுத்துச் சோதித்துக் கொடுப்பவர்கள் என்று ஓர் அமைப்பே வேண்டும். கால்நடை நோய் ஆய்வகங்கள் ஏற்கெனவே செய்யும் வேலையின் நீட்சிதான் இது. கோழி டைபாய்டு பிரிட்டனின் வணிகப் பண்ணைகளிலிருந்து பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இந்தியப் பண்ணைகளில் இன்னும் இருக்கிறது. 1919இல் தெரெல் பிரெஞ்சுக் கோழிகளின் எச்சத்தில் தேடியதை இங்கே தேடுவதற்கு வேண்டிய கிருமியும், கால்நடைப் பல்கலைக்கழகங்களும், எச்சம் நிறைந்த கொட்டகைகளும் நம்மிடம் உள்ளன. ஓராண்டில் எடுத்த ஃபேஜை அடுத்த ஆண்டின் கிருமியோடு மோதவிட்டுப் பார்த்து, தேறாததை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் பட்டியல் ஒன்றை விடாமல் பேணுவதற்கான ஆட்களும் பணமும்தான் ஒதுக்கப்பட வேண்டும்.

(தொடரும்)